இணைப்புப் பிழையும் மாணாக்கர் கடமையும்

பல கைகள் கூடிச் செய்யும் பொருள் எதுவாயினும், அது தன் உறுப்புக்களின் குறையால் கெடுவதைக் காட்டிலும், அவ்வுறுப்புக்கள் ஒன்றோடொன்று பொருந்தும் இடத்திற் கெடுவதே பெரும்பான்மை. தச்சன் இழைத்த கதவு பழுதற்றதாயிருக்கலாம். கொல்லன் அடித்த கீலும் பழுதற்றதாயிருக்கலாம். எனினும் கீலின் துளையும் நிலையின் துளையும் நேர்படாவிடின் அவ்வீடு கதவற்ற வீடே. கணினிக்கு நிரல் எழுதும் தொழிலிலும் இவ்வுண்மை சிறிதும் மாறுவதில்லை. தனித்தனியே குற்றமற்றனவென்று ஏற்கப்பட்ட கோப்புக்கள், ஒன்றுசேர வேண்டிய வேளையிற் சேராது நின்றுவிடுதல் உண்டு. அந்நிலையில் திரையில் தோன்றும் அறிக்கைக்கு லிங்கர் பிழை, அதாவது இணைப்புப் பிழை, என்று பெயர். கணிதம், பௌதிகம், கணினியியல் ஆகிய எதனைப் பயிலும் மாணாக்கரும் இக்காலத்தில் என்றேனும் ஒருநாள் இதன்முன் திகைத்து நிற்க நேரிடுகிறது. இப்பிழையைப்பற்றி நம்மிடையே நிலவும் எண்ணம் பொருத்தமற்றதென்பதும், அது திருத்தற்குரியதென்பதுமே யான் ஈண்டு எடுத்துக்கூற விழைவன.

முதற்கண், இணைத்தல் என்பது யாதெனக் காண்போம். சி மொழியிலேனும் சி ப்ளஸ் ப்ளஸ் மொழியிலேனும் எழுதப்படும் பெரிய நிரல் ஒரே கோப்பில் அடங்குவதன்று. ஒவ்வொரு கோப்பையும் கம்பைலர் தனித்தனியே எடுத்து, இயந்திர மொழியிற் பெயர்த்து, ஓர் ஆப்ஜெக்ட் கோப்பாக வைக்கிறது. ஒரு கோப்பைப் பெயர்க்கும்போது மற்றைக் கோப்புக்களில் உள்ளது யாதென்பது அதற்குத் தெரியாது. ஆதலின், "இப்பெயருடைய ஃபங்ஷன் ஒன்று வேறோரிடத்தில் உண்டு, அஃது இன்ன வகைப் பொருளைப் பெற்று இன்ன வகைப் பொருளைத் தரும்" என்று நாம் எழுதிய அறிவிப்பை நம்பி, அதன் முகவரி இருக்கவேண்டிய இடத்தை நிரப்பாது விட்டு மேலே செல்கிறது. அறிவிப்பு என்பது புரோநோட்டுப் போன்றது. நோட்டு முறையாக எழுதப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்து ஏற்றுக்கொள்ளும் குமாஸ்தா கம்பைலர். அந்நோட்டை எடுத்துக்கொண்டு போய், "பணம் எங்கே?" என்று கேட்பவரே லிங்கர். அவர் எல்லா ஆப்ஜெக்ட் கோப்புக்களையும், வேண்டிய லைப்ரரிகளையும் ஒருங்கே வைத்துப் பார்த்து, ஒவ்வொரு பெயருக்கும் உரிய முகவரியைக் கண்டு, வெற்றிடங்களை நிரப்புகிறார். ஒரு பெயரைப் பலர் கேட்டும் தருவார் எவருமில்லையாயின் அது முதல்வகைப் பிழை. ஒரே பெயரை இருவர் தமதென்று கொண்டுவருவாராயின் அஃது இரண்டாம்வகைப் பிழை. இணைப்புப் பிழைகள் நூறு வடிவில் தோன்றினும் அவற்றுட் பெரும்பாலானவை இவ்விரண்டனுள் அடங்கும்.

இத்தொழில் நேற்றுத் தோன்றியதுமன்று. 1949-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் எட்சாக் என்னுங் கணினி இயங்கத் தொடங்கியபோதே, அடிக்கடி வேண்டப்படும் கணக்குகளுக்குரிய கட்டளைத் தொகுதிகளைத் துளையிட்ட காகித நாடாக்களில் ஆக்கிவைத்து, வேண்டியபொழுது வேண்டிய நிரலோடு சேர்த்துக்கொள்ளும் முறை அங்கு உருவாயிற்று. டேவிட் வீலர் என்பார் இதில் முதன்மையான பங்கு கொண்டார். ஒரு தொகுதி நினைவகத்தில் எவ்விடத்தில் அமர்கிறதோ அவ்விடத்திற்கேற்ப அதன் முகவரிகளைத் திருத்திக்கொள்ளும் வழியையும் அவர் அமைத்தார். 1951-இல் வில்க்ஸ், வீலர், கில் ஆகிய மூவரும் சேர்ந்து இம்முறையை விளக்கி ஒரு நூலும் வெளியிட்டனர். 1952-இல் அமெரிக்க நாட்டில் கிரேஸ் ஹாப்பர் அம்மையார் யூனிவாக் கணினிக்கென ஏ-0 என்றதொரு நிரலை ஆக்கினார். அதற்குக் கம்பைலர் என்றே பெயர் வழங்கிற்று. ஆயினும் அது செய்த வேலை, எண்ணாற் குறிக்கப்பட்ட சிறு நிரல்களை நாடாவினின்றும் எடுத்துத் தொகுத்து ஒன்றாக்குவதேயாம். இன்றைய வழக்கில் அதனை லிங்கர் என்பதே பெரிதும் பொருந்தும். கம்பைலர் என்ற சொல்லுக்குத் தொகுப்பது என்பதன்றோ பொருள்? ஆகவே, மொழிபெயர்க்குந் தொழில் இன்று தன்னதாகக் கொண்டிருக்கும் பெயர், தொடக்கத்தில் இணைக்குந் தொழிலைச் சார்ந்ததாகவே இருந்தது.

பழைய லிங்கர்களின் ஆற்றற்குறைவு மொழியின் இலக்கணத்தையே கட்டிவைத்ததும் உண்டு. 1989-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட சி மொழியின் தரவிதி, கோப்புக்களுக்கிடையே வழங்கும் பெயர்களில் முதல் ஆறு எழுத்துக்களை மட்டுமே வேறுபடுத்திக் காண்பது போதும் என்று லிங்கர்களுக்கு இடங்கொடுத்தது. 1999-ஆம் ஆண்டின் விதியிற்றான் அது 31 எழுத்துக்களாயிற்று. அம்மொழியின் பழைய ஃபங்ஷன்களின் பெயர்கள் ஏன் உயிரெழுத்தின்றிக் குறுகி நிற்கின்றன என்று வியக்கும் மாணாக்கர்க்கு விடையின் ஒரு பகுதி இதுவே.

நிற்க. இத்துணைப் பழமையும் முதன்மையும் உடைய தொழில் நம்மிடையே பெறும் இடம் யாது? சிஸ்டம் சாஃப்ட்வேர் என்னும் பாடத்தில் லிங்கரின் இலக்கணம் சொல்லப்படுவது உண்டு. பரீட்சையில் வினாவும் வருவது உண்டு. ஆயினும் ஆய்வுக்கூடத்தில் மாணாக்கர் எழுதும் நிரல்கள் பெரும்பாலும் ஒரே கோப்பில் முடிந்துவிடுகின்றன. ஒரு பொத்தானை அழுத்தினால் பெயர்த்தல், இணைத்தல், ஓட்டுதல் ஆகிய மூன்றும் ஒருசேர நடந்துவிடுகின்றன. இடையில் லிங்கர் என ஒருவர் இருப்பதே புலப்படுவதில்லை. பின்னர் உத்தியோகத்திலேனும் ஆராய்ச்சியிலேனும் நூறு கோப்புக்களும் பத்து லைப்ரரிகளும் உடைய நிரலொன்றை அவர்கள் எதிர்கொள்ளும்போது, முதன்முறையாக இப்பிழையைக் காண்கிறார்கள். கம்பைலரின் பிழையாயின் இன்ன கோப்பில் இன்ன வரியில் என்று விரல்வைத்துக் காட்டும். இதுவோ பெரும்பாலும் வரியைச் சொல்லாது பெயரைச் சொல்லும். ஆதலின் இதனை இயந்திரத்தின் பிடிவாதம் என்றெண்ணி, எங்கேனும் கண்ட கட்டளையை எடுத்து ஒட்டிப் பார்ப்பதும், அது பலியாவிடின் மற்றொன்றை ஒட்டுவதும் வழக்கமாகிவிட்டன.

யான் கூறுவது இதுதான்: இணைப்புப் பிழை புரியாத சாபமன்று, அது தெளிவாக எழுதப்பட்ட ஒரு வாக்கியம். அதனை வாசிப்பதே மருந்தின் முக்காற்பங்கு. வாசியாமல் அதன் வாயை அடைப்பது நோயை உள்ளே தள்ளுவதாகும்.

வாசிப்பதிலும் முறை உண்டு. க்னூ கருவிகளைக்கொண்டு வேலை செய்வோர் முதலிற் காண்பது திரையின் கடைசி வரியை. "எல்டி ரிட்டர்ன்ட் 1 எக்ஸிட் ஸ்டேட்டஸ்" என்று அது முடியும். உதவி வேண்டுவோர் பலரும் இவ்வொரு வரியை மட்டும் எழுதிக்கொண்டு வருவர். அவ்வரியில் யாதொரு செய்தியும் இல்லை. லிங்கர் தோற்றது என்பது மட்டுமே அதன் பொருள். செய்தி அதற்கு மேலே உள்ளது. "அன்டிஃபைன்ட் ரெஃபரென்ஸ்" என்ற சொற்களின் பின்னே ஒரு பெயர் நிற்கும். கேட்டவர் யார், கேட்கப்பட்ட பெயர் யாது என்ற இரண்டும் அங்கே உள்ளன. தந்திருக்கவேண்டியவர் யார் என்பதொன்றே நாம் கண்டுபிடிக்க வேண்டியது. மைக்ரோசாஃப்ட் கருவியில் இதே பிழைக்கு 2019 என்பது எண். அதனை ஆண்டென்று மயங்கற்க. ஆப்பிள் கணினியிலோ, எவ்வகைச் சிப்புக்காகத் தேடியபோது பெயர் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லும். லைப்ரரி வேறுவகைச் சிப்புக்கென ஆக்கப்பட்டிருந்தால், அந்த ஒரு சொல்லே நோயைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இனி, மாணாக்கர் அடிக்கடி காணும் சில பிழைகளை எடுத்து நோக்குவோம். லினக்ஸ் கணினியில் சி மொழியில் வர்க்கமூலங் காணும் நிரல் ஒன்றை ஒரு மாணவி எழுதுகிறாள் என்று கொள்வோம். சோதனைக்காக 2-இன் வர்க்கமூலத்தைக் கேட்கிறாள்; விடை செம்மையாக வருகிறது. பின்னர் எண்ணை விசைப்பலகையினின்றும் பெற்று அதன் வர்க்கமூலத்தைக் கேட்குமாறு மாற்றுகிறாள். அப்பெயர் இல்லை என்று லிங்கர் நின்றுவிடுகிறது. சற்றுமுன் இருந்த ஃபங்ஷன் இப்பொழுது எங்கே போயிற்று? உண்மையில் முன்னரும் அஃது அழைக்கப்படவில்லை. 2 என்பது மாறாத எண்ணாதலின், கம்பைலரே விடையைக் கணித்து எழுதிவிட்டது. எண் மாறும் நிலை வந்தபோதுதான் கணித லைப்ரரி உண்மையாகவே வேண்டப்பட்டது. அங்கே அது தனிக்கோப்பாக இருப்பதால், கட்டளையின் இறுதியில் சிறுகோட்டுடன் 'எல்எம்' என்று சேர்த்து அதனைக் கேட்டுப் பெறவேண்டும். 'எல்எம் சேர்' என்ற விடையை மட்டும் பெற்றவளுக்கு ஒரு பிழை தீர்ந்தது. காரணத்தை அறிந்தவளுக்கோ ஒருவகைப் பிழை முழுவதும் தீர்ந்தது.

மனப்பாடஞ் செய்த மருந்து நாளடைவிற் பழமையாவதும் உண்டு. ஒரே நிரலில் பல இழைகளை ஓட்டுவோர் பித்ரெட் என்ற லைப்ரரியைத் தனியே கேட்கவேண்டுமென்று பழைய புத்தகங்கள் கூறும். 2021-ஆம் ஆண்டில் வெளியான க்னூ சி லைப்ரரியின் 2.34-ஆம் பதிப்பில் அது முதன்மை லைப்ரரியோடு கலந்துவிட்டது. புதிய கணினியில் அச்சொல் இன்றியே நிரல் இணையும். அதே நிரலைப் பழைய கணினிக்குக் கொண்டுபோனால் நிற்கும். விதியை மட்டும் அறிந்தவர் மருள்வர். பெயர் எங்கே வாழ்கிறதென்று பார்க்கத் தெரிந்தவர் மருளார்.

அடுத்தது வரிசைப் பிழை. லைப்ரரி உண்டு, அதன் பெயரும் கட்டளையில் உண்டு, ஆயினும் பிழை வருகிறது. இஃது எங்ஙனம்? க்னூ லிங்கர், ஆப்ஜெக்ட் கோப்புக்களைக் கட்டிவைத்த லைப்ரரிகளைக் கட்டளையில் எழுதியுள்ளபடி இடமிருந்து வலமாக ஒருமுறையே கடந்து செல்லும். கடைத்தெருவில் திரும்பிப் பாராமல் நடக்கும் ஒருவரைப் போன்றது அது. உப்புக் கடையைக் கடக்கும்போது அவர் கையிலுள்ள சீட்டில் உப்பு எழுதப்படவில்லை, ஆதலின் வாங்கவில்லை. பத்துக் கடை தாண்டியபின் ஒருவர் வந்து சீட்டில் உப்பு என்று எழுதுகிறார். இனித் திரும்ப வழியில்லை. எனவே, கேட்கும் கோப்பு முன்னும் தரும் லைப்ரரி பின்னுமாக எழுதுதல் வேண்டும். இரண்டு லைப்ரரிகள் ஒன்றையொன்று கேட்குமாயின், ஒன்றை இருமுறை எழுதலாம். அன்றி இரண்டையும் ஒரு குழுவாகக் காட்டலாம். ஆயினும் அவ்விரண்டும் ஏன் ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன என்று வினவுவது அதனினும் நன்று. அமைப்பிலுள்ள குறையைப் பலசமயம் முதலிற் சுட்டிக்காட்டுவது லிங்கரே.

மூன்றாவது, பெயர் திரிந்த பிழை. சி ப்ளஸ் ப்ளஸ் மொழியில் ஒரே பெயரை வெவ்வேறு வகைப் பொருள்களுக்கு வழங்கலாம். அவற்றை வேறுபடுத்தும்பொருட்டு, கம்பைலர் ஒவ்வொரு பெயரையும் திரித்து எழுதுகிறது. இரண்டு முழுவெண்களைப் பெறும் 'ஆட்' என்ற ஃபங்ஷன், லினக்ஸில் ஓர் அடிக்கோடும் இசட் எழுத்தும் 3 என்ற எண்ணும் முன்னே பெற்று, இரண்டு ஐ எழுத்துக்களைப் பின்னே பெற்று நிற்கும். ஆங்கிலத்தில் அப்பெயரில் உள்ள எழுத்துக்கள் மூன்று என்பதை அவ்வெண் குறிக்கும். இரு முழுவெண்களை அவ்விரண்டு ஐ குறிக்கும். சி மொழிக் கம்பைலரோ பெயரை உள்ளபடியே வைக்கும். ஆகையால், சி மொழியில் ஆக்கிய லைப்ரரியைச் சி ப்ளஸ் ப்ளஸ் நிரல் நேரே அழைத்தால், கேட்கும் பெயர் ஒன்று, இருக்கும் பெயர் வேறொன்று. லிங்கர் நமக்கு உதவவெண்ணித் திரிந்த பெயரை மீண்டும் திருத்திக் காட்டுவதால் இரண்டும் ஒன்றே போலத் தோன்றும், மயக்கம் மிகும். அறிவிப்பில் 'எக்ஸ்டெர்ன் சி' என்று எழுதுவது இதற்கு மருந்து. உண்மைப் பெயரைக் காண விரும்புவோர்க்கு 'என்எம்' என்னுஞ் சிறு கருவி உண்டு. அஃது ஆப்ஜெக்ட் கோப்பிலுள்ள பெயர்களையெல்லாம் பட்டியலிடும். யூ என்ற எழுத்துப் பெற்ற பெயர் கேட்கப்படுவது. டி என்ற எழுத்துப் பெற்றது அங்கே வரையறுக்கப்பட்டுள்ள ஃபங்ஷன். இவ்விரண்டு எழுத்துக்களை அறிந்த மாணாக்கர் பாதி வைத்தியர் ஆவர்.

நான்காவது, ஒரே பெயரை இருவர் கொண்டுவரும் பிழை. இதுபற்றி அண்மையில் நிகழ்ந்த ஒரு மாற்றம் மிகவும் அறிவுறுத்துவது. ஹெடர் கோப்பில் ஒரு பொது மாறியை 'எக்ஸ்டெர்ன்' என்ற சொல்லின்றி எழுதிவிட்டால், அக்கோப்பைச் சேர்த்துக்கொள்ளும் ஒவ்வொரு கோப்பும் அம்மாறியைத் தனதென்று படைத்துவிடும். முறைப்படி இது பிழையே. ஆயினும் ஃபோர்ட்ரான் மொழியின் பழைய வழக்கை ஒட்டி, ஜிசிசி கம்பைலர் பல ஆண்டுகளாக இவற்றையெல்லாம் ஒரே இடமாகக் கலந்து பொறுத்துவந்தது. 2020-ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியான ஜிசிசி 10-ஆம் பதிப்பு இப்பொறுமையைக் கைவிட்டது. பல ஆண்டுகள் ஓடிவந்த நிரல்கள் பல அன்று முதல் இணைய மறுத்தன. அப்போது செய்யத்தக்க வழிகள் இரண்டு இருந்தன. பழைய வழக்கை மீட்கும் ஒரு குறிப்பைக் கட்டளையிற் சேர்ப்பது ஒன்று. ஹெடர் கோப்பில் 'எக்ஸ்டெர்ன்' என்று எழுதி, ஒரே ஒரு கோப்பில் மாறியை வரையறுப்பது மற்றொன்று. முன்னதற்கு ஒரு நொடி போதும். பின்னதற்கு ஒருநாள் வேண்டியிருக்கலாம். ஆயினும் பழைய பொறுமையில் ஒரு நஞ்சு இருந்தது. இருவேறு கோப்புக்கள் தற்செயலாக ஒரே பெயரை இருவேறு காரியங்களுக்கு வைத்திருந்தாலும் அவை ஓரிடமாகக் கலந்துவிடும், ஒருவர் எழுதியதை மற்றவர் அறியாமல் அழிப்பர், நிரலோ ஓடிக்கொண்டிருக்கும். அந்நஞ்சை வெளிக்கொணர்ந்த பிழையை நாம் வாழ்த்தவேண்டுமேயன்றி வைதல் தகாது.

இனி என் கருத்தின் உயிர்நிலைக்கு வருகிறேன். லிங்கரின் வாயை அடைக்கும் வழிகள் பல உள்ளன. கிடைக்காத பெயர்களைப் பொருட்படுத்தாதே என்று அதற்குக் கட்டளையிடலாம். இருவர் கொண்டுவரின் முதல்வரை ஏற்றுக்கொள் என்று கட்டளையிடலாம். எல்லாவற்றினும் எளிதாக, கேட்கப்பட்ட பெயரில் ஒன்றுஞ் செய்யாத வெற்று ஃபங்ஷன் ஒன்றை எழுதிவைத்துவிடலாம். பிழை மறையும்; பொத்தான் பச்சையாகும்; குறித்த நாளில் வேலையும் ஒப்படைக்கப்படும். அந்த வெற்று ஃபங்ஷன் உண்மையில் ஒரு கணக்கைச் சரிபார்க்க வேண்டியதாயிருந்தால், சரிபார்க்கப்படாத கணக்கொன்று எவர் கையிலோ போய்ச் சேரும். அவர் நம்மை அறியார். நாமும் அவரை அறியோம். நின்றுபோன நிரல் எழுதியவரை மட்டும் வருத்தும். நில்லாமல் தவறும் நிரல் பிறரை வருத்தும். இவ்வேறுபாட்டை உணர்ந்தவர் எவரும் இணைப்புப் பிழையைப் பகையென்று கருதார்.

இதனோடு மற்றொன்றும் சொல்லுதல் வேண்டும். லிங்கர் பேசாதிருப்பது எல்லாம் செம்மை என்பதற்குச் சான்றன்று. சி மொழியில் பெயருடன் வகை ஒட்டுவதில்லை என்று கண்டோம். ஒரு கோப்பில் முழுவெண்ணைப் பெறும் ஃபங்ஷன் ஒன்று உள்ளது. மற்றொரு கோப்பில் ஒருவர் ஹெடர் கோப்பைச் சேர்க்காது, தம் நினைவிலிருந்தே அறிவிப்பை எழுதி, அது தசம எண்ணைப் பெறும் என்று கூறிவிடுகிறார். கம்பைலர் அவர் சொல்லை நம்பும். லிங்கர் பெயர் ஒத்திருப்பதை மட்டும் கண்டு இணைத்துவிடும். இக்காலக் கணினிகளில் முழுவெண்ணும் தசம எண்ணும் வெவ்வேறு ரெஜிஸ்டர்களிற் செல்வதால், ஃபங்ஷன் தனக்கு அனுப்பப்படாத ஏதோ ஓர் எண்ணை எடுத்துக் கணித்து விடைதரும். சி ப்ளஸ் ப்ளஸ் மொழியிலும், லினக்ஸில் சாதாரண ஃபங்ஷன் திரும்பத் தரும் பொருளின் வகை திரிந்த பெயரிற் சேர்வதில்லையாதலின், அவ்வழியாக இத்தகைய தவறு நுழையக்கூடும். ஆகவே பேசும் லிங்கர் நண்பர். பேசாத லிங்கர் சான்றளித்தவர் அல்லர். இரண்டையும் அறிந்து நடப்பதே அறிவுடைமை.

"இக்காலத்தில் பைத்தான் மொழியும் ஜாவா மொழியும் இருக்க, இப்பழந்தொழிலை ஏன் கற்கவேண்டும்?" என்று சிலர் கேட்பர். அக்கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. அம்மொழிகளில் லிங்கரை நேரிற் காண்பது அரிது. ஆயினும் இணைத்தல் அங்கே ஒழிந்துவிடவில்லை. நிரல் ஓடும் வேளைக்குத் தள்ளிப்போடப்பட்டது, அவ்வளவே. ஜாவா நிரலொன்று சி மொழி லைப்ரரியைத் தேடிக் காணாதபோது எழுப்பும் பிழைக்கு 'அன்சாட்டிஸ்ஃபைட் லிங்க் எரர்' என்றே பெயர். பைத்தானில் பெருங்கணக்குகளுக்குரிய பகுதிகள் பெரும்பாலும் சி முதலிய மொழிகளில் ஆக்கப்பட்டவை. அவை பொருந்தாதபோது 'அன்டிஃபைன்ட் சிம்பல்' என்ற பழைய வாசகமே திரையில் வருகிறது. தள்ளிப்போட்ட பிழை ஒருவகையிற் கொடியது; ஏனெனில் அது செய்தவர் மேசையில் தோன்றாது, பயன்படுத்துவோர் மேசையில் தோன்றும்.

மற்றுஞ் சிலர், "பிழையின் வாசகத்தைக் கொடுத்தால் விடை சொல்லும் இயந்திரங்கள் இப்போது உள்ளனவே, வாசிக்கக் கற்பது எதற்கு?" என்பர். அவ்வியந்திரங்களை வெறுப்பது என் கருத்தன்று. அவை பலசமயம் நல்விடை தருகின்றன. ஆயினும், பிழையை நீக்கும் விடையும் பிழையை மறைக்கும் விடையும் ஒரே நிமிடத்தில் ஒரே பச்சை நிறத்தைக் காட்டும். இவற்றுள் எது நம் கைக்கு வந்தது என்று பகுத்தறிய வேண்டியவர் நாமே. வாசிக்கத் தெரியாதவருக்கு வைத்தியமும் விஷமும் ஒரே புட்டியில் இருப்பன போலத் தோன்றும்.

குறைகூறுவதோடு நிற்பது முறையன்றாதலின், செய்யத்தக்கதொன்றைக் கூறுவேன். முதலாண்டு மாணாக்கர்க்கு ஆய்வுக்கூடத்தில் ஒரே ஒரு பிற்பகலை இதற்கென ஒதுக்குக. மூன்று கோப்புக்களும் ஒரு சிறு லைப்ரரியும் உடைய நிரலொன்றை அவர்கள் கையிற் கொடுத்து, அதனைத் தாமே வேண்டுமென்றே ஐந்து வகையிற் கெடுக்கச் சொல்லுக. கட்டளையில் ஒரு கோப்பை விட்டுவிடுக. லைப்ரரியை முன்னே எழுதுக. ஹெடர் கோப்பில் மாறியை வரையறுக்க. 'எக்ஸ்டெர்ன் சி' என்பதை நீக்குக. இறுதியாக, சி மொழிக் கோப்பில் வகை மாறிய அறிவிப்பொன்றை எழுதி, பிழை யாதும் வாராமலே விடை தவறுவதைக் காண்க. ஒவ்வொரு முறையும், கேட்டவர் யார், கேட்ட பெயர் யாது, தந்திருக்கவேண்டியவர் யார் என்ற மூன்றையும் நோட்டுப்புத்தகத்தில் எழுதுக. இதற்குப் புதிய கருவியும் வேண்டா, பெருஞ்செலவும் வேண்டா. ஆசிரியர் மனம்வைப்பதொன்றே வேண்டுவது. வெளியே சென்று இத்தொழிலிற் பழகிய பழைய மாணாக்கர் ஒருவரேனும் அப்பிற்பகலில் வந்து உடனிருப்பாராயின், அதனினுஞ் சிறந்த சொற்பொழிவு கல்லூரிக்குக் கிடைத்தல் அரிது.

மாணாக்க நண்பர்களே! நீங்கள் நாளை எழுதப்போகும் நிரல் எதுவும் உங்களால் மட்டும் எழுதப்படுவதாயிராது. நீங்கள் காணாத ஒருவர் பல ஆண்டுகளுக்குமுன் எழுதிய லைப்ரரியின்மேல் நீங்கள் நிற்பீர்கள். நீங்கள் காணாத ஒருவர் உங்கள் ஃபங்ஷனை அழைப்பார். உங்களுக்குள் நேரிற் பேச்சு இராது. பெயரும் அதன் வகையுமே உங்களிடையே உள்ள உடன்படிக்கை. அவ்வுடன்படிக்கை நிறைவேறியதா என்று கேட்கும் நடுவரை அவசரத்தில் ஊமையாக்காதீர்கள். அடுத்தமுறை அவ்வறிக்கை தோன்றும்போது, கடைசி வரியை விட்டு மேலே சென்று, முதற்பிழையை முழுவதும் வாசியுங்கள். அப்பெயரை நோக்கி, "உன்னைத் தரவேண்டியவர் யார்?" என்று கேளுங்கள். விடை அங்கிருந்தே தொடங்கும்.